நேற்று நடந்தது நாளையும் நடக்கும் என்பதற்கு என்ன நியாயம்? தொகுத்தறிதல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொகுத்தறிதல் என்றால் என்ன?

கண்டதை வைத்துக் காணாததைப் பற்றி ஒரு முடிவுக்கு வருவது. இதுவரை வாயில் போட்ட வேப்பிலை எல்லாம் கசந்தது, ஆகவே இனிப் போடப்போவதும் கசக்கும் என்கிறோமே, அது. மருந்துச் சோதனை, வானிலை அறிவிப்பு, மிதித்தால் பிரேக் பிடிக்கும் என்ற நம்பிக்கை எல்லாம் இந்த வழியில் வந்தவைதான்.

உய்த்தறிதல் வேறு. அதில் முன்கூற்றுகள் உண்மையானால் முடிவு பொய்யாக வழியே கிடையாது. தொகுத்தறிதலில் முன்கூற்றுகள் அத்தனையும் உண்மையாக இருந்தும் முடிவு சறுக்கலாம். ஐரோப்பியர் காலங்காலமாகப் பார்த்த அன்னங்கள் எல்லாம் வெள்ளை. 1697-இல் வில்லெம் டி ஃபிளாமிங் தலைமையில் போன டச்சுக்காரர்கள் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் கறுப்பு அன்னங்களைக் கண்டார்கள். அதற்கு முன் பார்த்தவை எதுவும் அதனால் பொய்யாகிவிடவில்லை. அவற்றிலிருந்து "எல்லா அன்னமும் வெள்ளை" என்று எடுத்த முடிவுதான் பொய்யானது.

பிளஸ் ஒன் கணக்கில் வரும் கணிதத் தொகுத்தறிதலும் இதுவும் ஒன்றா?

இல்லை, பெயர்தான் ஒன்று. அங்கே முதல் எண்ணுக்குப் பொருந்துகிறது என்று காட்டுகிறோம். ஓர் எண்ணுக்குப் பொருந்தினால் அடுத்த எண்ணுக்கும் பொருந்தியே தீரும் என்றும் நிறுவிவிடுகிறோம். அதன் பிறகு எந்த எண்ணும் தப்ப முடியாது. அது முழுக்க உய்த்தறிதல்.

கணக்கில் வெறும் தொகுத்தறிதலை நம்பினால் என்ன ஆகும் என்று பார்க்க ஒரு நல்ல இடம் உண்டு. ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அதே எண்ணையும் 41-ஐயும் கூட்டுங்கள். 0-இல் தொடங்கி 39 வரை எந்த எண்ணைப் போட்டாலும் விடை பகா எண். நாற்பது முறை பலித்துவிட்டதே என்று விதி எழுதத் தோன்றும். 40-ஐப் போட்டால் 1681 வரும். அது 41-இன் வர்க்கம்.

டேவிட் ஹியூம் கிளப்பிய சிக்கல் என்ன?

ஸ்காட்லாந்துத் தத்துவவாதியான ஹியூம் தம் இருபதுகளில் எழுதி 1739-இல் வெளியிட்ட நூலில் இதைக் கேட்டார். 1748-இல் இன்னும் தெளிவாகத் திருப்பி எழுதினார். கேள்வி எளிமையானது. இதுவரை தின்ற ரொட்டி பசியாற்றியது. நாளைத் தின்னப்போகும் ரொட்டியும் பசியாற்றும் என்கிறோம். முதல் வாக்கியத்திலிருந்து இரண்டாவதுக்கு எப்படிப் போனோம்? நடுவில் சொல்லாமல் விட்ட ஒரு கூற்று இருக்கிறது: இதுவரை நடந்தது போலவே இனியும் நடக்கும். அந்தக் கூற்றுக்கு என்ன ஆதாரம்?

இரண்டு வழிதான் உண்டு. ஒன்று, யோசனையால் மட்டுமே நிறுவுவது. அது முடியாது. நாளை சூரியன் உதிக்காது என்று சொல்வதில் உள்முரண்பாடு எதுவும் இல்லை. பொய்யாக இருக்கலாம், ஆனால் நினைத்துப் பார்க்கக்கூடியதுதான். மற்றது, அனுபவத்தால் நிறுவுவது. "இதுவரை இயற்கை ஒரே சீராக இருந்தது, ஆகவே இனியும் இருக்கும்" என்போம். ஆனால் எதை நிறுவ வந்தோமோ அதையே இங்கே துணைக்கு எடுத்துக்கொண்டோம். ஆக, இரண்டு வழியும் அடைபட்டுவிடுகிறது. நம்மை முடிவுக்குத் தள்ளுவது தருக்கம் அல்ல, பழக்கம் என்றார் ஹியூம்.

எதையும் நம்பாதே என்று சொன்னவராக அவரைப் பலர் சித்திரிக்கிறார்கள். அது அவருக்குச் செய்யும் அநியாயம். அறிவுள்ளவன் சான்றின் அளவுக்கேற்பத் தன் நம்பிக்கையை வைத்துக்கொள்வான் என்று அதே 1748 நூலில் எழுதியவரும் அவர்தான்.

இதுவரை அந்த முறை பலித்திருக்கிறதே, அது போதாதா?

போதாது. பலித்தது இனியும் பலிக்கும் என்பதுதானே கேள்வியே. எதிர்முறையைக் கையாளும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். இதுவரை நடந்ததற்கு நேர்மாறாக இனி நடக்கும் என்பது அவர் விதி. "உங்கள் முறை ஒவ்வொரு தடவையும் தோற்றதே" என்று கேட்டால், "ஆமாம், அதனால்தான் அடுத்த தடவை வெல்லும்" என்பார். தன் முறையைக் கொண்டே தன் முறையைத் தாங்கிக்கொள்ள அவராலும் முடிகிறது. அந்தத் தாங்கலுக்கு மதிப்பில்லை என்று அவரிடம் சொல்லும் நாம், நமக்கு மட்டும் மதிப்பு உண்டு என்று எப்படிச் சொல்வது?

தத்துவவாதி பீட்டர் ஸ்ட்ராசன் 1952-இல் வேறு பக்கம் போனார். சான்றுக்கேற்ப நம்புவதைத்தான் நாம் நியாயம் என்கிறோம். அதற்கே நியாயம் கேட்பது, நாட்டின் சட்டம் மொத்தமும் சட்டப்படியானதா என்று கேட்பது போல என்றார். இதைப் பாதி விடையாகத்தான் என்னால் எடுத்துக்கொள்ள முடிகிறது. நாம் எதை நியாயம் என்கிறோம் என்பது தெரிகிறது. அந்த நியாயப்படி நம்பினால் உண்மை கைக்கு வரும் என்பதற்கு இதில் பதில் இல்லை.

இந்தியச் சிந்தனையாளர்கள் இதைக் கேட்கவே இல்லையா?

ஹியூமுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கேட்டார்கள், அதுவும் கிட்டத்தட்ட அதே வடிவில். மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு இருக்கிறது. இந்த அனுமானம் நிற்க, புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு என்ற தொடர்பு தெரிந்திருக்க வேண்டும். அதற்கு வியாப்தி என்று பெயர். கண்ணால் காண்பதை மட்டுமே ஏற்ற உலகாயதர் இங்கேதான் பிடித்தார்கள். எல்லாப் புகையையும் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. இறந்த காலப் புகையும் எதிர்காலப் புகையும் கண்ணுக்கு எட்டாதவை. அனுமானத்தால் அறிந்தோம் என்றால், அந்த அனுமானத்துக்கு இன்னொரு வியாப்தி வேண்டும், அதற்கு இன்னொன்று. பெரியவர்கள் சொன்னார்கள் என்றால், அவர்கள் சொல்வது மெய்யாக இருக்கும் என்பதே ஓர் அனுமானம்.

தமிழில் இந்த வாதத்தைப் பார்க்க மணிமேகலையைத் திறந்தால் போதும். 27-ஆம் காதையில் வஞ்சி நகரில் சமயவாதிகள் ஒவ்வொருவராகத் தம் கொள்கையைச் சொல்கிறார்கள். அவர்களில் ஒருவரான அளவைவாதி கருத்தளவையை, அதாவது அனுமானத்தை, மூன்றாகப் பிரிக்கிறார். காட்டில் யானையின் ஒலி கேட்டு யானை உண்டு என்பது ஒன்று. ஆற்றில் வெள்ளத்தைக் கண்டு மேலே மழை பெய்திருக்கிறது என்பது இன்னொன்று. கருக்கொண்ட முகிலைக் கண்டு மழை வரும் என்பது மூன்றாவது. இந்த மூன்றும் சம பலம் உள்ளவை அல்ல என்பதைக் கவனியுங்கள். வெள்ளத்திலிருந்து மழைக்குப் போவதைவிட முகிலிலிருந்து மழைக்குப் போவது துணிச்சலான தாவல். திரண்ட முகில் கலைந்துபோவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

கடைசியில் பூதவாதி வருகிறார். கண்ணால் காண்பதைத் தவிர மற்ற அளவையை ஏற்க மாட்டேன் என்கிறார். அவரிடம் மணிமேகலை கேட்கும் கேள்வி கூர்மையானது: உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறெப்படி அறிந்தாய்? ஒருவரும் தம் பிறப்பைக் கண்ணால் பார்த்ததில்லையே.

சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நையாயிகரான, அதாவது நியாயம் என்ற தருக்க மரபைச் சேர்ந்த, உதயணரும் இதே திசையில் இன்னும் ஆழமாகப் போனார். வேறோர் இடத்தில், வேறொரு காலத்தில் இந்தத் தொடர்பு பொய்க்கலாமே என்று ஐயப்படுகிறாய். அந்த இடமும் காலமும் உனக்கு எப்படித் தெரியும்? அனுமானத்தால்தான். ஐயப்படவே அனுமானம் வேண்டியிருக்கிறது. தவிர, ஐயத்துக்கு ஓர் எல்லை உண்டு. நம் சொந்தச் செயலோடு முரண்படும் இடத்தில் அது நின்றுவிடுகிறது. நெருப்பிலிருந்துதான் புகை வருகிறதா என்று வாதிடுகிறவரும் புகை வேண்டும்போது நெருப்பைத்தான் மூட்டுகிறார்.

இதோடு விவாதம் முடிந்துவிடவில்லை. 12-ஆம் நூற்றாண்டில் ஸ்ரீஹர்ஷர் உதயணரின் சொற்களையே திருப்பிப் போட்டு அவரை மறுத்தார். 14-ஆம் நூற்றாண்டில் மிதிலையின் கங்கேசர் அதற்கு மறுமொழி எழுதினார். சட்டையைப் பிடிக்காத குறையாக நூற்றாண்டுகள் நடந்த இந்த வாதம் நம் கல்லூரி வகுப்புகளில் ஹியூமுக்குப் பக்கத்தில் வைத்துச் சொல்லப்பட வேண்டும் என்பது என் ஆசை.

உபாதி என்கிறார்களே, அது என்ன?

என் கணிப்பில் இந்த மொத்த விவாதத்திலும் நம் கைக்கு நேராக உதவுவது இதுதான். புகையிலிருந்து நெருப்புக்குப் போகலாம். நெருப்பிலிருந்து புகைக்குப் போகலாமா? அடுப்பில் நெருப்பும் புகையும் சேர்ந்தே இருக்கின்றன, யாகசாலையிலும் அப்படியே. ஆனால் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டில் நெருப்பு உண்டு, புகை இல்லை. புகையை உண்டாக்குவது வெறும் நெருப்பு அல்ல, ஈர விறகோடு சேர்ந்த நெருப்பு. அந்த ஈர விறகுதான் உபாதி: நாம் பார்த்த இடங்களில் எல்லாம் மறைந்திருந்து, தொடர்பை உண்மை போலக் காட்டிய நிபந்தனை.

ஆகவே, "எத்தனை தடவை பார்த்தாய்?" என்பதைவிட "உபாதி இருக்கிறதா என்று தேடினாயா?" என்பது நல்ல கேள்வி. ஹியூமின் ஐயம் எல்லா அனுமானத்தையும் ஒரேயடியாகத் தாக்குகிறது; எது தேறும் எது தேறாது என்று அது பிரித்துக் காட்டுவதில்லை. உபாதித் தேடல் பிரித்துக் காட்டுகிறது.

என் தாத்தா தினமும் ஒரு கட்டு பீடி குடித்து 90 வயதுவரை இருந்தார். புகை கெடுதல் என்பது அப்போதே பொய்த்துவிட்டதே?

"புகைப்பவர் எல்லோரும் சீக்கிரம் சாவார்கள்" என்று யாராவது சொல்லியிருந்தால் பொய்த்திருக்கும். யாரும் அப்படிச் சொல்லவில்லை. சொன்னது, புகைப்பவர்களுக்கு ஆபத்து அதிகம் என்பது. எல்லா அன்னமும் வெள்ளை என்பதை ஒரு கறுப்பு அன்னம் உடைக்கும். பெரும்பாலான அன்னம் வெள்ளை என்பதை உடைக்காது.

ஆனால் இதற்குப் பின்னால் இதைவிட வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. 1950-இல் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் லண்டன் மருத்துவமனை நோயாளிகளை ஆராய்ந்து, புகைப்பதும் நுரையீரல் புற்றுநோயும் சேர்ந்து வருவதைக் காட்டினார்கள். புள்ளியியலின் பெருந்தலையான ரொனால்ட் ஃபிஷர் ஒப்பவில்லை. சிலருக்குப் பிறவியிலேயே உள்ள ஏதோ ஒன்று அவர்களைப் புகைக்கவும் தூண்டி, புற்றுநோயையும் கொண்டுவரலாமே என்றார். நையாயிகர் கேட்டிருந்தால் உபாதியைச் சுட்டுகிறார் என்று உடனே புரிந்துகொண்டிருப்பார்கள். கேள்வி நியாயமானது. அவர் புகையிலை நிறுவனங்களுக்கு ஆலோசகராக இருந்தார் என்பது அந்தக் கேள்வியின் பலத்தைக் குறைக்காது.

பதில் எப்படி வந்தது என்பதுதான் பார்க்க வேண்டியது. 1959-இல் ஜெரோம் கார்ன்ஃபீல்டும் கூட்டாளிகளும் ஒரு கணக்குப் போட்டார்கள். புகைப்பவர்களுக்கு ஆபத்து ஒன்பது மடங்கு என்றால், அதை முழுக்க விளக்கும் மறைகாரணம் புகைக்காதவர்களைவிடப் புகைப்பவர்களிடம் குறைந்தது ஒன்பது மடங்கு பரவலாக இருக்க வேண்டும். அப்படி ஒன்றை யாராலும் காட்ட முடியவில்லை. இன்னொரு பக்கம், டாலும் ஹில்லும் பிரிட்டிஷ் டாக்டர்கள் சுமார் 40,000 பேரின் பழக்கங்களை 1951 முதல் கேட்டுப் பதிந்துவந்தார்கள். பிறவியில் வந்த காரணம் என்றால் பழக்கத்தை விட்டாலும் ஆபத்து குறையக் கூடாது. குறைந்தது. ஆண் டாக்டர்களின் 50 ஆண்டுக் கணக்கு 2004-இல் வெளிவந்தபோது, தொடர்ந்து சிகரெட் பிடித்தவர்கள் பிடிக்காதவர்களைவிடச் சராசரியாகச் சுமார் 10 ஆண்டு முன்பே இறந்தது தெரிந்தது. 60 வயதில் விட்டவர்களுக்கு சுமார் 3 ஆண்டும், 50-இல் விட்டவர்களுக்கு 6 ஆண்டும், 40-இல் விட்டவர்களுக்கு 9 ஆண்டும் திரும்பக் கிடைத்தன.

ஹியூமின் கேள்விக்கு இங்கே யாரும் பதில் சொல்லவில்லை. ஆனாலும் 1950-இல் இருந்ததைவிட 2004-இல் அந்த நம்பிக்கைக்கு நியாயம் பல மடங்கு கூடியிருந்தது. தலையெண்ணிக்கை பெருகியது மட்டும் அதற்குக் காரணம் அல்ல. பொய்யாக்கக்கூடிய வழிகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே போனதுதான் காரணம்.

எத்தனை முறை பார்த்தால் நம்பலாம் என்று கணக்கு உண்டா?

பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸ் ஒன்று கொடுத்தார். ஒன்றைப் பற்றி வேறெதுவும் தெரியாத நிலையில், பார்த்த தடவை எல்லாம் அது நடந்திருந்தால், அந்த எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி, அதே எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டியதால் வகுத்தால் வருவதுதான் அடுத்த தடவை நடப்பதற்கான நிகழ்தகவு. பத்துத் தடவை என்றால் 12-இல் 11. சூரியனுக்கும் போட்டுப் பார்த்தார். 5,000 ஆண்டு, அதாவது 18,26,213 நாட்கள். நாளை உதிக்கும் என்பதற்கு 18,26,214-க்கு ஒன்று என்று பந்தயம் கட்டலாம் என்றார்.

இந்த எண்ணைப் பலரும் கேலி செய்கிறார்கள். அடுத்த வரியை அவர்கள் படிப்பதில்லை. நாளையும் பருவத்தையும் ஆளும் இயக்கம் தெரிந்தவருக்கு இதைவிட மிக மிக அதிக உறுதி இருக்கும் என்று லாப்லாஸே எழுதியிருக்கிறார். பூமி சுழல்கிறது, அதை நிறுத்த என்ன தேவை என்பதெல்லாம் தெரிந்த பிறகு உதயங்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

நியாயமான நம்பிக்கை பொய்யாக முடியுமா?

தாராளமாக. 1781-இல் கண்டுபிடிக்கப்பட்ட யுரேனஸ், நியூட்டன் விதிப்படி போக வேண்டிய பாதையிலிருந்து விலகிப்போனது. பிரெஞ்சுக்காரர் லெ வெரியே, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கோள் இழுக்கிறது என்று கணித்து, அது இருக்கும் இடத்தையும் சொன்னார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் யோஹான் கால்லே தொலைநோக்கியைத் திருப்பினார். சொன்ன இடத்துக்கு ஒரு பாகைக்குள் நெப்டியூன் கிடைத்தது.

புதன் கோளிலும் அப்படி ஒரு விலகல் இருந்தது. அதன் பாதையில் சூரியனை மிக நெருங்கும் புள்ளி, கணக்கில் வர வேண்டியதைவிடக் கொஞ்சம் வேகமாக நகர்ந்துகொண்டிருந்தது. 1859-இல் லெ வெரியே அதே பாணியில் யோசித்தார்: சூரியனுக்கு அருகே இன்னொரு கோள் இருக்க வேண்டும். வல்கன் என்று பெயரும் வைத்தாயிற்று. பார்த்ததாகச் சிலர் சொன்னார்கள். யாருடைய பார்வையும் உறுதிப்படவில்லை. அவர் 1877-இல் இறக்கும்வரை அதை நம்பினார். 1915-இல் ஐன்ஸ்டைன் புதிய ஈர்ப்புக் கோட்பாட்டிலிருந்து அந்த நகர்வை, நூற்றாண்டுக்கு 43 வில்விநாடி (ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு ஒரு வில்விநாடி) என்று, எந்தக் கோளும் இல்லாமலே வரவழைத்தார்.

ஒரே ஆள், ஒரே வகை அனுமானம். ஒன்றில் கோள் கிடைத்தது, மற்றதில் நியூட்டன் விதியே திருத்தப்பட்டது. 1859-இல் வல்கனை எதிர்பார்த்ததில் தவறே இல்லை என்பேன். நெப்டியூன் கிடைத்த 13 ஆண்டுக்குள் வேறெதை எதிர்பார்ப்பது? நியாயம் தேயத் தொடங்கியது அதன் பிறகு, கிரகணம் கிரகணமாகத் தேடியும் உறுதியாக எதுவும் கிடைக்காமல் போனபோது.

நியாயமும் இருந்து உண்மையாகவும் இருந்தால் அது அறிவுதானே?

அப்படித்தான் பலர் நினைத்தார்கள். 1963-இல் தத்துவவாதி எட்மண்ட் கெட்டியர், இரண்டும் இருந்தும் அறிவு ஆகாத எடுத்துக்காட்டுகளைக் காட்டி, மூன்றே பக்கத்தில் அதை உடைத்தார். ஆனால் 8-ஆம் நூற்றாண்டிலேயே பௌத்த அறிஞர் தர்மோத்தரர் அதே வகையில் ஓர் எடுத்துக்காட்டு தந்திருக்கிறார். இறைச்சி சுட இப்போதுதான் நெருப்பு மூட்டியிருக்கிறார்கள், இன்னும் புகையவில்லை. இறைச்சியை மொய்க்கும் பூச்சிக் கூட்டத்தைத் தொலைவிலிருந்து பார்ப்பவர் புகை என்று எண்ணி, அங்கே நெருப்பு இருக்கிறது என்கிறார். நெருப்பு இருக்கிறது, அவருக்குக் காரணமும் இருக்கிறது. அவர் அறிந்தார் என்று சொல்ல மனம் வருகிறதா?

தத்துவவாதி கார்ல் பாப்பர் ஹியூமின் சிக்கலைத் தீர்த்துவிட்டார் என்கிறார்களே?

அவரே அப்படிச் சொல்லிக்கொண்டார். அறிவியலுக்குத் தொகுத்தறிதலே தேவையில்லை. ஊகி, பொய்யாக்க முயன்று பார், தப்பியதை வைத்துக்கொள் என்பது 1934 நூலில் அவர் நிலை. பொய்யாக்க முயல்வதை அறிவியலின் உயிராக்கியது பெரிய பங்களிப்பு. சிக்கல் மட்டும் தீரவில்லை. பாலம் கட்டும் பொறியாளர் இதுவரை சோதனைகளில் தப்பிய கோட்பாட்டைத்தான் நம்பிக் கட்டுகிறார். நேற்றுவரை தப்பியது நாளை வண்டி போகும்போதும் தாங்கும் என்று ஏன் நம்ப வேண்டும்? கேள்வி பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடுகிறது.

தத்துவவாதி நெல்சன் குட்மனின் "க்ரூ" புதிர் என்ன?

1955-இல் அச்சில் வந்தது. 2050 தொடங்குமுன் பார்க்கப்பட்டுப் பச்சையாக இருப்பதும், அதற்குமுன் பார்க்கப்படாமல் நீலமாக இருப்பதும் "க்ரூ" என்று வைத்துக்கொள்ளுங்கள். இதுவரை பார்த்த மரகதம் எல்லாம் பச்சை; அவை எல்லாம் க்ரூவும்தான். அதே சான்றிலிருந்து 2050-க்குப் பின் முதன்முதலாகத் தோண்டி எடுக்கும் மரகதம் பச்சை என்றும் சொல்லலாம், நீலம் என்றும் சொல்லலாம். எந்த வகைப்பாட்டை எதிர்காலத்துக்கு நீட்டலாம் என்பதைச் சான்றுகள் தாமாகச் சொல்வதில்லை. இதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட விடை இன்றும் கிடையாது.

ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் கேட்டுக்கொண்டே போனால் எங்கே முடியும்?

முடிவே இல்லாமல் போகும், அல்லது வட்டமாகத் திரும்பி வரும், அல்லது ஓரிடத்தில் ஆதாரமில்லாமல் நிற்கும். கிரேக்க ஐயவாதிகள் காலத்திலிருந்தே தெரிந்த மூன்று கதி இவை. தத்துவத்தில் இன்று உள்ள கட்சிகள் பெரும்பாலும் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது அவ்வளவு மோசமில்லை என்று வாதிடுகின்றன.

அப்படியானால் அறிவியலும் ஜோதிடமும் ஒரே தரம்தானே? இரண்டுக்கும் அடித்தளம் இல்லையே?

இதை என்னால் ஒப்பவே முடியாது. உறுதிமொழி இல்லை என்பதும் காரணம் இல்லை என்பதும் வேறு வேறு. ஹியூமின் ஐயம் எல்லா நம்பிக்கைக்கும் சமமாகப் பொருந்துவதால், ஒன்றைவிட மற்றதைத் தேர்ந்தெடுக்க அதைக் காட்ட முடியாது. தேர்ந்தெடுக்க உதவுவது, முன்கூட்டியே தெளிவாகச் சொன்னதா, பொய்த்தபோது ஒப்புக்கொண்டதா, உபாதியைத் தேடியதா என்ற கேள்விகள். வல்கன் விஷயத்தில் வானியல் இந்த மூன்றையும் செய்தது.

நாலு பேரைப் பார்த்துவிட்டு ஓர் ஊரையோ சாதியையோ எடைபோடுவதும் தொகுத்தறிதல்தானே? அதில் என்ன தப்பு?

தொகுத்தறிதல்தான், கெட்ட தொகுத்தறிதல். "அந்த ஊர்ப் பையன்கள் வேலையில் நிலைக்க மாட்டார்கள்" என்கிறார் ஒரு முதலாளி. மூன்று பேர் நின்றுவிட்டது உண்மையாகவே இருக்கலாம். மூவருக்கும் இரவு ஷிஃப்ட் கொடுத்தாரா, தங்க இடம் இல்லாமல் தினமும் நெடுந்தூரம் வந்துபோனார்களா என்று அவர் பார்க்கவில்லை. அதே நிலைமையில் வைத்தால் உள்ளூர்ப் பையன்கள் நிலைப்பார்களா என்றும் பார்க்கவில்லை.

இதைவிடக் கொடியது, இந்த நம்பிக்கை தன்னைத் திருத்தக்கூடிய சான்றைத் தானே தடுத்துவிடுவது. இனி அந்த ஊரிலிருந்து அவர் ஆள் எடுக்கப்போவதில்லை. நிலைத்து வேலை பார்க்கும் நாலாவது பையன் அவர் கண்ணில் படவே மாட்டான்.